அப்பாவின் பழைய சைக்கிள்: கொடுக்க மனமில்லை, வைக்க இடமில்லை, என்ன செய்யலாம்?

குறுக்குபார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், பின்னால் பெரிய இரும்பு கேரியர். நான் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. வேலைக்குப் போவது, வருவது, என்னைப் பள்ளியில் விடுவது எல்லாம் அதில்தான். குறுக்கு பாரில் ஒரு சின்ன சீட்டைப் பொருத்தி என்னை உட்கார வைத்துக்கொள்வார். அந்தச் சீட்டின் கிளாம்பு உரசிப் பெயின்ட் போன இடம் இன்னும் இரண்டு வெள்ளை வளையமாகத் தெரிகிறது. பிறகு அதே வண்டியில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகினேன், அப்புறம் பாரின் மேல், அப்புறம் ஒருநாள் சீட்டில். என் முழங்காலில் இருக்கும் தழும்புகளில் பாதி அந்த வண்டி கொடுத்தது.

கடைசி சில வருடங்கள் முட்டிவலியால் அவரால் ஓட்ட முடியவில்லை. ஆனாலும் வாரம் ஒரு தடவை காற்றடித்து, துணியால் துடைத்து, பெடலைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வைப்பார். "ஓட்டாவிட்டாலும் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும்" என்பார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் பிறகு நான் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. முதல் வருடம் அதன் பக்கத்தில் போகவே முடியவில்லை. அடுத்த வருடங்களுக்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே சாரல் அடிக்கும் இடத்தில் நின்று நின்று இப்போது அவர் சொன்ன மாதிரியே இறுகிவிட்டது.

இப்போது வீடு மாறுகிறோம். புதிய வீடு சின்னது, மூன்றாவது மாடி. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் அதை மனம் இல்லாமல் சொல்லவில்லை. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். போன வாரம் எடுக்க ஆள் வந்தார். எடை போடத் தூக்கியபோது வண்டி ஆடியதில் பெல் ஒரு தடவை அடித்தது. அவ்வளவுதான், "வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

நிலைமை இதுதான்: பெடல் சுற்றவில்லை. செயின் ஒரே துண்டு இரும்பு மாதிரி இருக்கிறது. டயர் இரண்டும் வெடிப்பு விட்டிருக்கிறது. சீட்டைத் தாங்கும் குழாய் அசையவே இல்லை. ரிம்மில் துரு, பின் பிரேக் கம்பி ஒன்று காணோம். ஃபிரேம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கைவசம் இரண்டு மாதம் இருக்கிறது.

இதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர முடியுமா? பெயின்ட் அடிக்கலாமா? இல்லை, ஒரு இரும்புச் சாமானை இவ்வளவு பிடித்துக்கொண்டிருப்பதே தப்பா? உங்களில் யாராவது இந்த இடத்தில் நின்றிருந்தால் சொல்லுங்கள்.

---

எண்ணெய்க்கை எழுதியது:

முதலில் ஒன்று: பெடல் சுற்றவில்லை என்பதற்காக வண்டி செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இருபத்தைந்து வருடமாக இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறேன். நீங்கள் சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடத் தூக்கிப் போடுவதற்கான காரணம் இல்லை. செயின், டயர், டியூப், அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸ், பிரேக் கட்டை எல்லாம் எப்படியும் தேய்ந்து மாறவேண்டியவை. ஃபிரேமும் ஃபோர்க்கும் நன்றாக இருந்தால் வண்டி இருக்கிறது, அவை போயிருந்தால் வேறு கதை.

எஃகு ஃபிரேமுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை சுமை ஏறி இறங்கினாலும் அது களைத்துப்போவதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லை கிடையாது, சின்னச் சுமையானாலும் நாள்பட நாள்பட உள்ளே கணக்கு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் நாற்பது ஐம்பது வருடத்து இரும்பு வண்டிகளை இன்றும் தைரியமாக ஓட்ட முடிகிறது. அதைக் கொல்வது துரு, அதுவும் உள்ளிருந்து பிடிக்கும் துரு.

எனவே இப்படிப் பாருங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சு போகும் அந்தக் கீழ்க் கூடுதான் ஃபிரேமிலேயே தாழ்வான இடம், சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் தேங்கும். அதைச் சுற்றியுள்ள குழாய்களை ஒரு ஸ்பேனரின் முனையால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் அங்கே இரும்பு மெலிந்திருக்கிறது. அடுத்தது ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கக் குழாய்கள் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அடிப்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மேடு தட்டினாலோ பெயின்ட் குறுக்காகச் சுருங்கி வெடித்திருந்தாலோ வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது.

ஃபிரேம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் ஒரு பக்கக் காதில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நேர், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை.

சீட் குழாய்தான் உங்களுக்குப் பொறுமையைச் சோதிக்கும். சுத்தியலால் அடிக்காதீர்கள், நெருப்புக் காட்டாதீர்கள், பெயின்ட் போய்விடும். துருவுக்குள் இறங்கும் மெல்லிய எண்ணெயைக் கிளாம்பின் விளிம்பில் காலையும் மாலையும் விடுங்கள். வாரக்கணக்கில்கூட ஆகலாம். பிறகு சீட்டையே கைப்பிடியாகப் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். மேலே இழுக்காதீர்கள், முதலில் திரும்பட்டும்.

ஒரு முக்கியமான விஷயம். எண்ணெய் விடுவதற்கு முன்பே, குழாய் கிளாம்புக்குள் போகும் இடத்தில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அது உங்கள் அப்பாவின் கால் அளவு. பல பேர் ஓவராயில் செய்யக் கொண்டுவரும்போது அதை யோசிப்பதே இல்லை, கழற்றித் துடைத்துத் தங்கள் உயரத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் எவ்வளவு தேடினாலும் அந்த அளவு கிடைக்காது. ஹேண்டில்பார் எந்தச் சாய்வில் இருக்கிறது, பெல் எந்த விரலுக்கு எட்டும்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போது இரண்டு இடத்தில் எல்லோரும் தவறு செய்வார்கள். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். அதேபோல் கீழ்க் கூட்டில் பால்ஸைத் தாங்கும் கிண்ணங்களில் செயின் பக்கத்துக் கிண்ணமும் இந்த வண்டிகளில் தலைகீழ் மரை. தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும்.

பால்ஸ் பின் சக்கரத்துக்கும் பெடல் அச்சுக்கும் கால் அங்குலம், முன் சக்கரத்துக்கு 3/16. பழையதைப் பத்திரப்படுத்தாதீர்கள், மொத்தமாகப் புதிது போடுங்கள். செயினை அளந்து பார்க்கும் கட்டத்தை உங்கள் வண்டி தாண்டிவிட்டது. ஆனால் புதுச் செயின் போட்ட பிறகு நினைவில் வையுங்கள்: ஒரு ஆணியின் நடுவிலிருந்து எண்ணி 24வது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டிய நேரம், 1/8 கூடும்வரை விட்டால் பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும்.

ஓடும். என்னைக் கேட்டால் ஓடும்.

---

நீலவண்டி எழுதியது:

பெயின்ட் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவள் நான்.

என் அக்காவின் சைக்கிள். அவள் படித்து முடித்ததும் எனக்கு வந்தது, எனக்குப் பிறகு பல வருடம் சும்மா கிடந்தது. அக்கா எங்களை விட்டுப் போன பிறகு அதைப் புதிதாக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மண் பீய்ச்சி, அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். வேலை மிக நன்றாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். நான் பின் மட்கார்டைக் குனிந்து பார்த்தேன். காம்பஸ் முனையால் அவள் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்த இடம் அது. பக்கத்தில் நான் என் எழுத்தைக் கீறி, அதற்காக அவளிடம் அடி வாங்கியிருக்கிறேன். அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. பெயின்ட் அடித்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, பள்ளத்தை நிரப்புவது அவர் வேலை. நான்தான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

அந்த வண்டியை இன்னும் ஓட்டுகிறேன், நேசிக்கிறேன். ஆனால் அக்காவின் வண்டி எங்கோ போய்விட்டது போல ஒரு எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது.

எனவே தயவுசெய்து அந்த இரண்டு வெள்ளை வளையத்தையும் தொடாதீர்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்துச் சுத்தம் செய்து, மெழுகு பூசி வையுங்கள். குரோம் பூசிய பாகங்களுக்கு அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் தொட்டுத் தேய்த்தால் போதும், துரு மட்டும் வரும், குரோமைக் கீறாது, ஏனென்றால் அலுமினியம் அதைவிட மென்மையானது. சிலர் பழைய பெயின்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்வார்கள், நிறம் அருமையாக எழும்பும். ஆனால் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

புதுப் பெயின்ட் வேண்டுமென்று பத்து வருடம் கழித்துத் தோன்றினால் அப்போதும் அடித்துக்கொள்ளலாமே. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

---

வெண்பலகை எழுதியது:

"பிடித்துக்கொண்டிருப்பதே தப்பா" என்ற கேள்விக்கு மட்டும் என் பதில்.

டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. வகுப்பில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டு, கோப்பை வைத்திருப்பவர்களிடம் என்ன விலைக்கு விற்பீர்கள் என்றும் இல்லாதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றும் கேட்டார்கள். வைத்திருந்தவர்கள் கேட்டது ஏறக்குறைய இரு மடங்கு. தன்னுடையது என்று ஆகிவிட்டால் மனிதன் அதன் மதிப்பைக் கூட்டித்தான் பார்க்கிறான் என்பதற்கு இதைக் காட்டுவார்கள், மனத்தின் ஒரு சாய்வு என்றும் சொல்வார்கள்.

ஆனால் எனக்கு அதில் வேறொன்றுதான் தெரிகிறது. அந்தக் கோப்பைகள் அவர்கள் கையில் இருந்தது கொஞ்ச நேரம். முன்கதை எதுவும் இல்லாத ஒரு பொருளுக்கே அவ்வளவு பிடிப்பு வருகிறது என்றால், உங்களைச் சுமந்து, உங்களுக்கு விழக் கற்றுக்கொடுத்து, உங்கள் அப்பா வாரா வாரம் கையால் சுற்றிவிட்ட ஒரு வண்டிமேல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதுவும் சைக்கிள் நாற்காலி, அலமாரி மாதிரி இல்லை. நம் பலத்தால் மட்டுமே நகரும், நம் உடம்போடு சேர்ந்து ஆடும். கைப்பிடி ரப்பர் நம் பிடிக்கு ஏற்பத் தேய்கிறது, தோல் சீட் என்றால் உட்காருகிறவரின் எலும்புக்கு ஏற்பக் குழிகிறது. எண்ணெய்க்கை சொன்ன கால் அளவை வாசித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தப்பு எதுவும் இல்லை நண்பரே.

---

ஒருசாவி எழுதியது:

எனக்குக் கொஞ்சம் மாறான கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது மாடி, சின்ன வீடு. இருபது கிலோ பக்கம் எடையுள்ள வண்டியைப் படியேற்றி, நடைவழியில் நிறுத்தி, வருகிறவர் போகிறவர் இடித்துக்கொண்டு, ஒரு வருடத்தில் அது எல்லோருக்கும் எரிச்சலாக ஆகிவிடும். நான் என் தாத்தாவின் தையல் இயந்திரத்தோடு அதைப் பட்டிருக்கிறேன். கடைசியில் அன்பே போய்விடுகிறது, குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. ஆறு வருடம் தொடவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பெல்லைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஹேண்டில்பாரையும். பிக்காசோ 1942இல் ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். வேறு எதுவும் சேர்க்கவில்லை, சீட் முகம், ஹேண்டில்பார் கொம்பு, அவ்வளவுதான். பார்த்தால் காளையும் தெரியும், சைக்கிளும் தெரியும். சுவரில் ஒரு ஹேண்டில்பார் போதும், முழு வண்டியும் கண்ணுக்கு வந்துவிடும். மிச்சத்தை மனதார அனுப்பிவிடுங்கள்.

---

எண்ணெய்க்கை எழுதியது:

ஒருசாவி சொல்வதில் இடப் பிரச்சினை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஹேண்டில்பாரைக் கழற்றிச் சுவரில் மாட்டிய பிறகு மனம் மாறினால் வழியில்லை. இரண்டு மாதம் இருக்கிறது. முதலில் ஓட வைத்துப் பார்க்கட்டும், ஒரு தடவை ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இறுகிப்போன வண்டியைப் பார்த்து எடுக்கும் முடிவு வேறு, ஓடுகிற வண்டியைப் பார்த்து எடுக்கும் முடிவு வேறு.

---

மாலைநடை எழுதியது:

நான் கொடுத்தவன். அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் சைக்கிள், அப்பாவுடையது இல்லை, நானே முதல் சம்பளத்தில் வாங்கியது. பதினோரு வருடம் அதில்தான் வேலைக்குப் போனேன். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் வைத்துப் பார்த்தேன், அப்புறம் தெருவில் நடந்தே கல்லூரிக்குப் போகும் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஆயிரம் சொன்னேன்: மழையில் விடாதே, செயினுக்கு எண்ணெய் போடு, இதற்கு இதுதான் காற்று. தலையாட்டினான்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது சீட்டு வேறு, முன்னால் ஒரு கூடை, என் பழைய பெல் போய் ஏதோ சத்தம் போடும் புது பெல். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. ஏன் கொடுத்தோம் என்று அன்று இரவு தூக்கமே இல்லை. மறுபடி சில மாதம் கழித்து, மாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது அவன் பின்னால் தன் தங்கையை உட்கார வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். என்னைக் கவனிக்கவில்லை. அந்த வண்டியின் ஃப்ரீவீல் சத்தம் எனக்குத் தெரியும், எத்தனை வண்டிக்கு நடுவிலும் தெரியும். டிக் டிக் டிக் என்று தேய்ந்த ஒரு பல் மட்டும் தாமதமாக விழும். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு மனம் ஆறியது.

எனவே கொடுப்பதாக இருந்தால் ஓட்டுகிற ஒருவருக்குக் கொடுங்கள், நிபந்தனை போடாமல் கொடுங்கள். மாற்றுவார்கள். அதைப் பார்த்துத் தாங்க முடியும் என்று தோன்றினால் மட்டும் கொடுங்கள். அப்பா வண்டி என்பதால் உங்களுக்கு என்னைவிடக் கடினமாகத்தான் இருக்கும். தாங்காது என்று தோன்றினால் கொடுக்காதீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

குறுக்குபார் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பல தடவை படித்தேன், வீட்டிலும் படித்துக் காட்டினேன். ஒருசாவி, கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்ன "குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சும்" என்பது என்னை உலுக்கியது. அதனால்தான் அன்றைக்கே வண்டியை வெளியே எடுத்தேன்.

தட்டிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் கணீர் என்றுதான் கேட்டது. நூல் கட்டிப் பார்த்தேன், ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதல், அவ்வளவுதான். தலைகீழாக நிறுத்தியபோது தண்ணீர் வரவில்லை, துருத்தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. செயினை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன், முன்னால் 32, பின்னால் 40, ஏன் பின்னால் அதிகம் என்று சின்ன வயதில் கேட்டதற்கு அப்பா "பின்னால்தானே பாரம்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கம்பிகூட உடையவில்லை.

சீட் குழாய்க்கு டேப் சுற்றி வைத்துவிட்டு எண்ணெய் விட ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவது நாள் காலையில் சீட்டைப் பிடித்துத் திருப்பியதும் ஒரு முனகல் மாதிரி சத்தம் வந்து அசைந்தது. மெல்ல மெல்ல வெளியே வந்தது. மேலே துருவாக இருந்த பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். நான் டேப் சுற்றிய இடத்திலேயே, அதற்குச் சரியாக அடியில், அரத்தால் போட்ட ஒரு கோடு இருந்தது. அப்பா தன் உயரத்தைத் தானே குறித்து வைத்திருக்கிறார். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் ஆச்சரியமாக இல்லை, அவர் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற ஆள்.

அதற்கு மூன்று விரல் மேலே இன்னொரு கோடு இருந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். மேல் கோடு வரைக்கும் உள்ளே இறக்கினால் சீட் மூன்று விரல் தாழும். அவருக்கு எதற்கு அவ்வளவு தாழ்வாக? அப்புறம்தான் உறைத்தது. நான் முதன்முதலில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிய காலம். விடுமுறை நாளில் காலையில் எழுந்து வரும்போது எனக்குக் கால் எட்டும், மறுநாள் அவர் வேலைக்குப் போகும்போது சீட் அவர் உயரத்தில் இருக்கும். வண்டிதான் எனக்காகத் தாழ்ந்து கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது. அவர் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் எடுத்து நட்டைத் தளர்த்தி, என் கோட்டுக்கு இறக்கி, பிறகு மறுபடி தன் கோட்டுக்கு ஏற்றியிருக்கிறார். ஒருநாள்கூட அதைப் பற்றிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நீலவண்டி, பெயின்ட் அடிக்கவில்லை. அந்த இரண்டு வளையமும் அப்படியே இருக்கின்றன. அலுமினியத் தாள் வேலை செய்தது, ஹேண்டில்பாரில் என் முகம் தெரிகிறது. வீட்டில் இப்போது யாரும் இரும்புக்குப் போடுவதைப் பற்றிப் பேசுவதில்லை. புதிய இடத்தில் கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்த அனுமதி கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. கிடைக்காவிட்டால் சுவரில் கொக்கி அடித்து முழு வண்டியையும் தொங்கவிடலாம் என்று என் மகளே அளந்து வைத்திருக்கிறாள்.

எண்ணெய்க்கை அண்ணா, ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் வரவே மாட்டேன் என்கிறது. வலது பக்கம் வந்துவிட்டது. சின்னச் சுத்தியலால் நிறைய தட்டிப் பார்த்தேன், தலை மழுங்க ஆரம்பித்துவிட்டது. என்ன செய்ய?

---

எண்ணெய்க்கை எழுதியது:

தட்டுவதை இப்போதே நிறுத்துங்கள் தம்பி. சின்னச் சுத்தியலால் நூறு அடி அடித்தால் பின் தலை விரிந்து இன்னும் இறுகத்தான் செய்யும்.

மழுங்கிய தலையின் ஓரத்தை அரத்தால் சுற்றிச் சீவி, மறுபடி நட்டை அதன்மேல் ஏற்றுங்கள், நட்டின் மேல்பக்கமும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அப்போது அடி மரையில் விழாது. நாலைந்து நாள் எண்ணெய் விடுங்கள். பிறகு பின்னின் மறுமுனை வெளியே வர இடம் விட்டு, ஒரு இரும்புக் குழாய்த் துண்டைப் பெடல் தண்டுக்கு அடியில் தரையோடு முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே கிண்ணத்துக்கும் அச்சுக்கும்தான் போகும். வேறொருவரை வண்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. தயங்கி அடிக்காதீர்கள். மூன்று நல்ல அடியில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதை ஒரு கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

புதுப் பின் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். தட்டையான முகத்தை அச்சின் பள்ளத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்துப் பொருத்த வேண்டும். மாட்டும்போது ஒரு பக்கத்துப் பின் எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த் திசையில் மறுபக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. மாட்டி ஒரு சுற்று ஓட்டிய பிறகு மறுபடி தட்டி நட்டை இறுக்குங்கள்.

பிரேக் கட்டை புதிது போட்டாலும் இரும்பு ரிம்மில் மழை நேரத்தில் வண்டி நிற்க நேரமாகும், மகளை ஓட்டவிடும்போது ஈரமில்லாத நாளாகப் பாருங்கள்.

சீட் குழாயைச் சுத்தம் செய்யும்போது எமரித் தாளை அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், துணியும் எண்ணெயும் போதும். உள்ளே விடுவதற்கு முன் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள், மறுபடி இறுகக்கூடாது. மகளின் உயரத்துக்கு இறக்கும்போது நீங்கள் ஒரு மூன்றாவது கோடு போட வேண்டியிருக்கும், அதற்கு முக்கோண அரம்தான் சரி, ஒரே இழுப்பில் மெல்லிசாக விழும்.